மூன்று மைக்குகளுக்கு ஓர் அறிவிப்பு

தமிழகக் கிராமங்களின் கோயில் திருவிழாக் கமிட்டிகள், பள்ளிவாசல் ஜமாஅத்துகள், பங்குப் பேரவைகள், சேகரக் கமிட்டிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பொறுப்பாளர்களே,

முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவிரிப் படுகைக் கிராமங்களில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாரியம்மன் கோயில் கஞ்சியும் கந்தூரி நெய்ச்சோறும் கிறிஸ்துமஸுக்கு வீடு தேடி வரும் பலகாரமும் சாப்பிட்ட உடம்பு இது. அதனால் மத நல்லிணக்கம் பற்றி இன்னொரு மடல் என்று எண்ணிவிடாதீர்கள். நான் எழுத வந்தது கணக்கு நோட்டைப் பற்றி.

திருவிழா முடிந்த ஒரு வாரத்தில் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடும். தலைக்கட்டு வரி வசூல் எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று பொருளாளர் வாசிப்பார். தூணில் சாய்ந்தபடி ஒருவர், "போன வருச மிச்சம் எட்டாயிரம் எங்கப்பா போச்சு?" என்று கேட்பார். அவரைச் சாமி விரோதி என்று யாரும் சொல்வதில்லை. பொருளாளர் பக்கத்தைப் புரட்டிப் பதில் சொல்லியே தீரவேண்டும். ஜமாஅத் கூட்டத்தில் பள்ளிவாசல் கடைகளின் வாடகை பாக்கியைப் பற்றி இதே கேள்வி எழும். பங்குப் பேரவையில் கெபி கட்டிய செலவைப் பற்றி எழும்.

உங்களுக்கு ஊரைக் கூட்டத் தெரியும். வீட்டுக்கு வீடு போய் வசூலிக்கத் தெரியும். கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லவும், பேசி முடித்ததை எழுதி வைக்கவும் தெரியும். குடியாட்சிக்கு வேண்டிய பழக்கங்கள் பெரும்பாலும் இவைதான். என் வருத்தமெல்லாம், இத்தனை பழக்கமும் கோயில் மதிலைத் தாண்டி, பள்ளிவாசல் சுவரைத் தாண்டி, மணிக்கூண்டைத் தாண்டி ஊராட்சி அலுவலக வாசலுக்கு வந்து சேர்வதில்லையே என்பதுதான்.

ஆகஸ்டு 15 காலை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று. பதினொரு மணிக்குக் கிராம சபை. சாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பற்றாளராக வந்த அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்ல 200 பேராவது வேண்டும் என்பது விதி. அறுபது பேர் தேறினால் அதிகம். அப்புறம் வருகைப் பதிவேடு டீக்கடைக்கும் திண்ணைக்கும் ஊர்வலம் போகும். சாமி புறப்பாடு போல அது நம் வாசலுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். பழி சொல்ல வரவில்லை. நானும் ஒரு காலத்தில் திண்ணையில் காலை நீட்டியபடி அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவன்தான். எந்தத் தீர்மானத்துக்குப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்த நோட்டின் மதிப்பு எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரையும் கிராம சபை உறுப்பினராக்கியது. சட்டமன்றத்தில் உட்கார ஜெயிக்கவேண்டும். கிராம சபையில் உட்காரப் பெயர் இருந்தால் போதும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபையை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு முறை கூட்ட ஏற்பாடாகியிருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்கவேண்டும். தூணில் சாய்ந்தபடி "மிச்சம் எங்கே?" என்று கேட்க உங்களுக்கு அங்கேயும் உரிமை உண்டு.

அந்த உரிமைக்கு ஆதாரமான வாக்காளர் பட்டியலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். தேர்தல் வேலைக்குப் போன வாத்தியார்கள் பரீட்சைத் தாளைவிட அதிகம் பார்த்த தாள் அதுவாகத்தான் இருக்கும். தெரு, கதவு எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது. மதத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. வாக்குச்சாவடியில் பெயரை உரக்க வாசிக்கும்போது, கோனார் வீட்டுக்கு அடுத்த கதவில் ராவுத்தர் வீடும் அதற்கடுத்த கதவில் ஆரோக்கியமேரி வீடும் வரும். தெருவில் எப்படியோ தாளிலும் அப்படியே.

நம் தாத்தா காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1909 மிண்டோ மார்லி சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வந்தது. அடுத்தடுத்த சட்டங்கள் அதை மற்றவர்களுக்கும் நீட்டித்தன. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கு, 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. அந்த இடங்களுக்கு அந்தந்தச் சமயத்தவர் மட்டுமே ஓட்டுப் போட முடியும். மழை பெய்தால் தெருவில் நிற்கும் தண்ணீர் பொது, அதைப் பற்றிப் பேசப் போகும் ஆள் மட்டும் தனித்தனி.

1947 ஆகஸ்டு இறுதியில், சுதந்திரம் வந்த ஈரம் காயும் முன்பே, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற போக்கர் சாகிப் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி தொடரவேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டார். சபை ஏற்கவில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொதுப் பட்டியல், சமயத்தையோ சாதியையோ காரணம் காட்டி யார் பெயரையும் விலக்கக் கூடாது என்று அரசமைப்பின் 325ஆவது பிரிவு பின்னர் எழுதி வைத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும், பொதுப் பட்டியலில் எண்ணிக்கையில் குறைந்தவர் குரல் கரைந்துபோகுமே என்ற அந்த அச்சத்தைப் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அச்சம் நியாயமானது. "நீங்கள் கொஞ்சம் பேராக இருந்தாலும் பேசும்போது கேட்போம்" என்று எண்ணிக்கையில் கூடியவர்கள் கொடுத்த வாக்கு அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றவேண்டிய இடங்களில் ஊராட்சி அலுவலக வாசலும் ஒன்று.

அதே பட்டியலைப் பற்றி இன்னொரு செய்தி. 1951–52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பெயர் சேர்த்தபோது, முக்கியமாக வட மாநிலங்களில், தன் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் தாயார்" என்றே பதிந்த பெண்கள் ஏராளம். அப்படிப் பதிந்தவர்களில் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டி வந்தது. கசப்பான முடிவுதான். ஆனால் அந்தத் தாளில் நிற்பவர் இன்னாரின் ஆளாக நிற்கக் கூடாது, தன் பெயரில் நிற்கவேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. கணவனின் ஆள், சாதியின் ஆள், ஜமாஅத்தின் ஆள், கோயிலின் ஆள் என்ற அடையாளமெல்லாம் வீட்டிலும் வழிபாட்டிலும் இருக்கட்டும். பட்டியலில் பெயர் மட்டும்.

"அப்படியானால் சாமியையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். 1949 அக்டோபர் 17 அன்று இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே வந்தது. முகப்புரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்கவேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். அது நம்பிக்கை விஷயத்தில் பிறரைக் கட்டாயப்படுத்துவது ஆகாதா என்று திருவனந்தபுரத்துக்காரரான பட்டம் தாணு பிள்ளை கேட்டார். தலைமை நாற்காலியில் ராஜேந்திர பிரசாத். அவருடைய பக்தி ஊரறிந்தது. காமத் விடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 41, எதிராக 68. கடவுள் பெயர் சேரவில்லை.

அந்த 68 பேரும் நாத்திகர்கள் என்று நினைத்தால் அது பிசகு. காலையில் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் காபி குடிக்காதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். என் சாமி பெயரை எல்லாருடைய பத்திரத்திலும் எழுதிவிட்டால், அதில் கையெழுத்துப் போடும் அடுத்த வீட்டுக்காரன் கை தயங்குமே என்ற எண்ணம்தான் மதச்சார்பின்மை. முகப்புரையில் அந்தச் சொல் ஏறியது 1976இல், 42ஆவது திருத்தத்தில். அது அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் ஏற்பாடு 1950 முதலே இருக்கிறது. 25ஆவது பிரிவு உங்கள் வழிபாட்டுக்குக் காவல் நிற்கிறது. 27ஆவது பிரிவு, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி பிடிக்கக் கூடாது என்கிறது.

ஊர் அளவில் இதற்கு அர்த்தம் எளிது. தேர் வரும் தெருவில் பள்ளம் மூடுவதும், கந்தூரிக்கு வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் வைப்பதும், கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் முள் வெட்டுவதும் ஊராட்சியின் வேலை. யார் கேட்டாலும் செய்யவேண்டும், ஒரே மாதிரி செய்யவேண்டும். பூசைக்கும் பாத்திஹாவுக்கும் திருப்பலிக்கும் ஆகும் செலவு உங்கள் நோட்டில் இருக்கட்டும். இந்தக் கோடு ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோடு தாண்டப்படும்போது எழுந்து சொல்லத்தான் ஆளில்லை.

நல்லிணக்கம் என்றதும் நாமெல்லாம் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ஓடிவிடுகிறோம். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் கட்டிக்கொடுத்ததும், வேளாங்கண்ணிக்கு எல்லாச் சமயத்தவரும் நடந்தே போவதும் பெருமைக்குரியவைதான். ஆனால் அவை திருநாள் உறவு. விருந்துக்கு வந்தவரோடு சிரிப்பது சுலபம். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பேசும்போது என்ன ஆகிறோம் என்பதுதான் கேள்வி.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். புதிதாக மேல்நிலைத் தொட்டி வந்தது. கோயில் தெருவோரம் கட்டினால் "அவர்கள் பக்கம் போய்விட்டது" என்று இவர்கள். பள்ளிவாசல் தெருவோரம் கட்டினால் "இவர்கள் பக்கம்" என்று அவர்கள். டீக்கடையில் தொடங்கிய பேச்சு இரண்டு வாரத்தில் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போனது. இரு தரப்புப் பெரியவர்களும் தனித்தனியாகக் கூடினார்கள். மனுக்கள் பறந்தன. மே நாள் கிராம சபையில் இரண்டு கூட்டமும் இரண்டு பக்கம் உட்கார்ந்தது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு இடம்.

தலித் மக்கள் வாழும் காலனித் தெருவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்தார். "இப்ப இருக்கிற குழாயில எங்க தெருவுக்குப் பத்துக் குடம் ரொம்ப ஒரு மணி நேரம் ஆவுது. அது யாருக்காவது தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் சொன்னவன் நான். பற்றாளர் பொறியாளரைக் கேட்டார். தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஏறவேண்டுமானால் தொட்டி ஊரின் மேட்டில் நிற்கவேண்டும், மேடு இரண்டு தெருவிலும் இல்லை, பழைய களத்துமேட்டில் இருக்கிறது என்றார் பொறியாளர். முக்கால் மணி நேரத்தில் தீர்மானம் எழுதியாயிற்று. இரண்டு வாரச் சண்டைக்குக் காரணம், இரண்டு தரப்பும் தன் தன் கூட்டத்தில் மட்டுமே பேசியது. மேடு எங்கே என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது தெரு ஒன்று இருப்பதே இரண்டு தரப்புக்கும் நினைவில்லை.

அந்த மூன்றாவது தெருவைச் சொன்னபிறகு நம் பெருமைகளை அடக்கித்தான் பேசவேண்டும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒரு தலித் உட்கார்ந்ததைப் பொறுக்காதவர்கள் செய்தது அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவியை ஒதுக்கிய பிறகு, ஒழுங்காக ஒரு தேர்தல் நடந்து தலைவர் நிலைக்க 2006 ஆனது. கொன்றவரும் மறித்தவரும் வேற்று மதத்தார் இல்லை. பொதுப் பட்டியலை ஏற்க மறுக்கும் நோய் மதத்துக்குள்ளேயே தெருத் தெருவாக இருக்கிறது.

இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன், கோபிக்காதீர்கள். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. அதிகம் கேட்டவருக்குப் பதவி, பணம் கோயில் திருப்பணிக்கு. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டியிருந்தது. சாமிக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொன்னார்கள். ஏலத்தில் எடுத்தவர் போட்ட பணத்தை எந்தக் குழாயிலிருந்து எடுப்பார் என்று யோசித்தால் சமாதானம் நிற்காது. ஏலம் கூடாத ஊர்களில் வேறொன்று நடக்கிறது. வேட்பாளர் கமிட்டியையும் ஜமாஅத்தையும் பங்குத்தந்தையையும் தனித்தனியே பார்த்துவிட்டுப் போகிறார். "நம்ம ஓட்டு மொத்தமா இவருக்கு" என்று பேச்சு பரவுகிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தவறு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு சொல்கிறது. அந்த விலக்கு வேட்பாளரின் மதத்துக்கு மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதற்கும் பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், தீர்ப்புச் சொன்னது. சட்டம் கிடக்கட்டும். மொத்தமாகக் கொடுத்த ஓட்டுக்கு மொத்தமாகத்தான் பதில் வரும். உங்கள் தெருவின் தனிக் குறைக்கு வராது. 1937இல் சர்க்கார் பிரித்து வைத்த பட்டியலை நாமே நம் கையால் மறுபடி பிரிக்கிறோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, குடவோலை முறை நம்முடையது என்று நாம் மார்தட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தது, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. அந்த முறை பிராமணர் ஊரின் சபைக்கானது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள்தான் அதில் நிற்க முடியும். காலனித் தெரு அம்மாளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதில் ஒரு விதி இன்றைக்கும் பசுமையாக இருக்கிறது: பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக் கூடாது. அதைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். உங்கள் கமிட்டிகளின் கணக்குக் கண்டிப்பு அந்த வழியில் வந்ததுதான். இந்தக் கண்டிப்பை 1993இல் திறந்த சபைக்குக் கொண்டுவாருங்கள் என்பதே என் விண்ணப்பம். ஆண் பெண், நிலம் உள்ளவர் இல்லாதவர் என்ற கணக்கில்லாமல் ஊர் முழுவதும் உட்காரும் சபை அது.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு மறுபடி அதே நிலை வந்தது. உங்கள் கோயிலுக்குத் தர்மகர்த்தா இல்லாமல், பள்ளிவாசலுக்கு முத்தவல்லி இல்லாமல், மூன்று வருடம் சும்மா இருப்பீர்களா? ஒரு மாதம் பொறுக்கமாட்டீர்கள். ஊராட்சிக்கு மட்டும் ஏன் பொறுத்தோம்? அது யாருடையதோ என்று நினைத்ததால்தான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த நாலு பேரை, அதில் இரண்டு பேராவது பெண்களாக, ஒவ்வொரு கிராம சபைக்கும் அனுப்புங்கள். அங்கே போனபின் அவர்கள் உங்கள் பிரதிநிதிகளாக ஒரே பக்கம் உட்காரவேண்டாம். தங்கள் தெருக்காரர்களோடு உட்காரட்டும். தேர்தல் வந்தால் வேட்பாளரைத் தனியே கூப்பிட்டுப் பேசாதீர்கள், பொது இடத்தில் எல்லாரும் கேட்கும்படி பேசச் சொல்லுங்கள். தெருவிலோ குழாயிலோ தகராறு முளைத்தால் உங்கள் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டுச் சபைக்கு வராதீர்கள். முடிவெடுக்கச் சபைக்கு வாருங்கள்.

கடைசியாக, உங்கள் மைக்கைக் கொஞ்சம் இரவல் கேட்கிறேன். தண்டோரா போட்டாலும் நோட்டீஸ் ஒட்டினாலும் ஊர் காதில் விழாத செய்தி, உங்கள் ஒலிபெருக்கியில் சொன்னால் அடுப்படி வரை போகும். கிராம சபைக்கு முந்தின நாள் சொல்ல ஓர் அறிவிப்பை எழுதியிருக்கிறேன். தொடக்கத்தை உங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓம் சக்தி என்று தொடங்கினாலும், அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்கினாலும், இயேசுவுக்கே புகழ் என்று தொடங்கினாலும் எனக்குச் சந்தோஷமே. அதற்குப் பிறகு வரும் வரிகளை மட்டும் மூன்று மைக்கிலும் மாற்றாமல் வாசியுங்கள்:

"நாளைக் காலை பதினொரு மணிக்கு நம் ஊராட்சியின் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும். உங்கள் தெருக் குழாயில் பத்துக் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டு வரவும்."

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு வாத்தியார்